புளியரை ஏற்றத்தில் புல்லட் கிளட்ச் ஏன் வழுக்குகிறது?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். புனலூரில் ஒரு வீட்டு ஷெட்டில் எட்டு வருஷமாக நின்ற பழைய புல்லட் 350-ஐ வாங்கி, செங்கோட்டையில் வீட்டு முற்றத்திலேயே வைத்துச் சரிசெய்கிறேன். நாலு கியர், வலது கால் கியர் வண்டி. எஞ்சின் வேலை முடிந்து கிளட்ச் பிளேட் செட்டும் புதிதாகப் போட்டாயிற்று. ஆனால் கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டால் 'டக்'கென்று அடித்து வண்டி முன்னால் நகர்கிறது, நின்ற இடத்தில் நியூட்ரல் விழுவதே இல்லை. கேபிளை நன்றாக இறுக்கினேன், கொஞ்சம் பரவாயில்லை. போன ஞாயிறு புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும்போது எஸ் வளைவுக்கு மேலே மூன்றாவது கியரில் எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி ஏறவில்லை. ஒரு மெக்கானிக் பிளேட்டை மாற்று என்கிறார், இன்னொருவர் ஸ்பிரிங்கை மாற்று என்கிறார். மறுபடியும் செலவு செய்ய வேண்டுமா?
வாசகர், செங்கோட்டை

பதில்: தம்பி, இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. முதலில் வந்தது கிளட்ச் சரியாக விடாத பிரச்சினை. வழுக்கல் வந்தது கேபிளை இறுக்கிய பிறகு. அதாவது ஒரு நோய் வண்டியுடையது, இன்னொன்று நாம் கொடுத்த மருந்தால் வந்தது.

லீவரைப் பிடிக்கும்போது முதல் 2, 3 மில்லிமீட்டர் லூசாக வரவேண்டும். அந்த ப்ளே இல்லாவிட்டால், கிளட்சை விடவைக்கும் கம்பியான புஷ் ராடு, பிளேட்டுகளை அமுக்கிப் பிடிக்கும் வெளித்தட்டான பிரஷர் பிளேட்டை எந்நேரமும் தள்ளிக்கொண்டே இருக்கும், ஸ்பிரிங் முழு பலத்தோடு பிளேட்டுகளை அமுக்க முடியாது. சமதரையில் இது தெரியாது. மலை ஏற்றத்தில் சுமை கூடி, சூடும் ஏறி, மிச்சமிருந்த இம்மியளவு ப்ளேயும் போனதும் வழுக்கிவிடும். அதனால் முதல் வேலை, ஹேண்டில் பக்க அட்ஜஸ்டரை முழுசாக லூசாக்கிவிட்டு, வலது பக்கம் கியர் பாக்ஸ் கவரில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் புஷ் ராடு ஸ்குரூவை லேசாகத் தொடும் வரை முறுக்கி, அங்கிருந்து கொஞ்சம் பின்னால் எடுத்து லாக் நட்டைப் போடுங்கள். கடைசி மில்லிமீட்டர்களை மட்டும் ஹேண்டில் பக்கம் வையுங்கள். பெரும்பாலும் வழுக்கல் இதோடு நின்றுவிடும். கேபிளையும் ஒரு பார்வை பாருங்கள், எட்டு வருஷ இடவப்பாதி மழை ஈரம் அந்த உறைக்குள் துரு ஏற்றாமல் விட்டிருக்காது. கேபிள் கடினமாக இருந்தால் லீவர் முழுசாக வந்தாலும் மறுமுனையில் பாதிதான் நகரும்.

இனி கிளட்ச் ஏன் விடவில்லை என்று தேடவேண்டும். இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் ஒதுக்கி, நடு நட்டைக் கழற்றி, எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயினின் கவரைத் திறங்கள். ஆயில் கொட்டும், கீழே தட்டு வையுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் லீவரைப் பிடித்திருக்க, நீங்கள் கிக்கரைக் கையாலேயே மெதுவாக அமுக்குங்கள். புல்லட்டில் கிக்கரின் சக்தி கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது, அதனால் லீவர் பிடித்த நிலையில் பிரஷர் பிளேட் சுற்றவேண்டும், பிளேட்டுகளைச் சுற்றியிருக்கும் வெளி டிரம் அசையாமல் நிற்கவேண்டும். சுற்றும்போது பிரஷர் பிளேட்டின் ஓரம் ஆடுகிறதா என்று உற்றுப் பாருங்கள். ஆடினால் அது சாய்வாக எழும்புகிறது, ஒரு பக்கம் பிளேட் விடும்போது மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஒரே மேஜையில் வரிசையாக நிறுத்தினால் குட்டையானது எது என்று கண்ணுக்கே தெரியும், அப்படி இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், லீவர் கல்லாகிவிடும், கேபிள் அறுந்து நடுவழியில் நிற்பீர்கள்.

பிரஷர் பிளேட் நேராக எழும்புகிறது என்றால் எனக்குச் சந்தேகம் டிரம் மேல்தான். பழைய பிளேட்டின் பற்கள் வருஷக்கணக்கில் டிரம்மின் காடிகளில் (பல் உட்காரும் வெட்டுகளில்) இடித்து இடித்துச் சின்னச் சின்னப் பள்ளம் போட்டிருக்கும். புது பிளேட்டின் பல் அந்தப் பள்ளத்தில் போய் மாட்டிக்கொண்டு வெளியே நகராது. புது பிளேட் போட்டபின் பிரச்சினை வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன். காடியின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தடுக்கினால் பள்ளம்தான். சன்ன அரத்தை நேராகப் பிடித்து எல்லாக் காடியிலும் ஒரே அளவு ராவுங்கள். நடு ஹப்பிலும் இதே பள்ளம் விழும், அதை மறந்துவிடுவார்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் ராவி ராவி காடி அகலமாகிவிடும், அப்போது டிரம்மை மாற்றுவதுதான் வழி. இரும்புத் தூளை மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தமாகக் கழுவாமல் கவரை மூடாதீர்கள்.

அதே சமயம் ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜ் ஓட்டிப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் தகடு அடியில் நுழைந்தால் அந்த பிளேட் வளைந்திருக்கிறது. ஷெட்டில் ஈரத்தில் நின்ற வண்டி என்பதால் துருப்புள்ளி இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. புது பிளேட்டை ஆயிலில் ஒரு ராத்திரி ஊறவைத்தீர்களா? இல்லை என்றால் இப்போதாவது செய்யுங்கள். பிரைமரி செயினின் மேல் ஓட்டத்தில் 6 மில்லிமீட்டர் அளவு தளர்ச்சி இருக்கட்டும், ரொம்ப இறுகினாலும் டிரம் ஒரு பக்கம் இழுபடும். ஆயிலை லெவல் ஸ்குரூ வரைதான் ஊற்றவேண்டும், கூடினால் பிளேட்டுகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், பழைய புல்லட்டில் ஒரு பழக்கம் வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் கிளட்சைப் பிடித்தபடி நாலைந்து முறை கிக்கரை அமுக்கி, ராத்திரி ஒட்டிய பிளேட்டுகளைப் பிரித்துவிடுங்கள். சிக்னலில் நிற்பதற்கு முன்னாலேயே, வண்டி உருளும்போதே குதிகாலால் நியூட்ரல் ஃபைண்டரை (நேராக நியூட்ரலுக்குக் கொண்டுபோகும் தனி லீவரை) அமுக்கினால் விழுந்துவிடும். முதல் கியரில் இருந்து மட்டும் அது வேலை செய்யாது.

கேள்வி: சார், என் ஆர்எக்ஸ் 100-க்கு கியர் ஆயில் மாற்றும்போது வீட்டில் மிச்சமிருந்த கார் எஞ்சின் ஆயிலை ஊற்றினேன். இப்போது லோயர் கேம்ப்பில் இருந்து குமுளி ஏறும்போது கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் போய்விட்டதா?
வாசகர், கம்பம்

பதில்: அவசரப்பட்டு பிளேட் வாங்கவேண்டாம். இந்த வண்டியில் கிளட்ச் கியர் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. இன்றைய கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கிறார்கள். எஞ்சினுக்கு அது நல்லது, உராய்வை நம்பியே பிடிக்கிற கிளட்சுக்கு ஆகாது. இதற்காகவே 1998-இல் ஜப்பானில் பைக் ஆயிலுக்கான ஜாஸோ தரம் வந்தது. டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கும் ஆயிலைத்தான் ஊற்றவேண்டும், 'எம்பி' என்றால் வேண்டாம். இருக்கும் ஆயிலைச் சூடாக வடித்து, நல்ல ஆயில் ஊற்றி, ஒரு நாள் ஓட்டிவிட்டு அதையும் வடித்து மறுபடி புதிது ஊற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பிளேட்டைக் கழற்றிக் கழுவி, மேல் பளபளப்பு போக சன்னமான எமரி பேப்பரில் லேசாகத் தேய்த்து, புது ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். பெட்ரோலோடு போகும் 2டி ஆயில் தனி, அதை கியர் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள்.