அட்வான்ஸ் தரும் முதலாளியா, தராத கம்பெனியா?

கேள்வி: ராசிபுரம் பக்கத்துக் கிராமம். வயது 24. நான்கு வருடம் லாரியில் கிளீனராக ஓடிவிட்டு, சென்ற மாதம்தான் ஹெவி லைசென்ஸ் வாங்கினேன். பழைய முதலாளிக்கு 40,000 ரூபாய் அட்வான்ஸ் பாக்கி. மூன்று வண்டி வைத்திருக்கும் ஒருவர் 1,20,000 அட்வான்ஸ் தந்து கூப்பிடுகிறார். டெல்லி லைன், போக வர இரண்டு லட்சம் வாடகை, அதில் 10 சதவீதம் எனக்கு. மாதம் மூன்று நடை, 60,000 நிற்கும் என்கிறார். நடைக்கு 5,000 பிடித்துக்கொள்வார். ஒரிஜினல் லைசென்ஸ் அவரிடம் இருக்க வேண்டுமாம். நாமக்கல்லில் ஒரு பெரிய கம்பெனியிலும் கேட்டேன். சம்பளம் 18,000, வண்டியில் இருக்கும் நாளுக்குப் படி 500, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, அட்வான்ஸ் கிடையாது. ஆறு மாதம் சீனியர் டிரைவருடன்தான் அனுப்புவார்களாம். தை மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீருக்கு 80,000 வேண்டும். எந்த இடத்தில் சேரலாம்? நண்பன் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடுவது) தொடங்கச் சொல்கிறான், தொடங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், தம்பி. கம்பெனியைப் பற்றிய கேள்வியாகவே அது எனக்குப் படவில்லை. 40,000 பாக்கியை 1,20,000 வாங்கி அடைக்கப் போகிறீர்கள். அந்த 1,20,000-ஐ அடைக்க அடுத்த முதலாளி எவ்வளவு தருவார்? ஒவ்வொரு ஷெட்டிலும் இப்படி ஒரு டிரைவர் இருப்பார். ஐம்பது வயதாகியிருக்கும், ஆறேழு முதலாளி மாறியிருப்பார், பாக்கி மட்டும் மாறியிருக்காது.

அந்த 60,000-ஐப் பார்ப்போம். நாமக்கல்லிலிருந்து டெல்லி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். நாளுக்கு 400 என்றால் போக ஆறு நாள், வர ஆறு நாள். லோடு இறக்க, ரிட்டன் லோடு ஏற்றக் காத்திருக்க நான்கு நாள் வையுங்கள். ஒரு நடைக்குப் பதினாறு நாள். மூன்று நடைக்கு 48 நாள் வேண்டும். மாதத்தில் அத்தனை நாள் இல்லை. இரண்டு நடை முடிந்தாலே பெரிது.

ஒரு நடைக்கு 20,000. பதினாறு நாள் சாப்பாடு, டீ, குளியல் என்று 500 வீதம் 8,000 போகும். ஏற்றுக்கூலி மாமூல், தார்ப்பாய்க் கயிறு, வழிச்செலவு என்று இன்னொரு 2,000. மிச்சம் 10,000, இரண்டு நடைக்கு 20,000. பிடித்தம் 10,000 போனால் வீட்டுக்குப் பாதிதான் வரும், அதுவும் ஒரு வருடத்துக்கு. கூட ஒரு டிரைவர் ஏறினால் அந்த 10 சதவீதம் இருவருக்குமா என்று கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை.

கம்பெனியில் படி சாப்பாட்டுக்குச் சரியாகிவிடும். 18,000-இல் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 135 போகக் கையில் 16,000 சொச்சம். பி.எஃப்.பில் முதலாளி பங்கும் சேரும். ஆக, இரண்டு இடத்துக்கும் வருமானத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. உங்களை டெல்லி லைனுக்கு இழுப்பது அந்த அட்வான்ஸ் ஒன்றுதான்.

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகும்போது “வண்டியை ஓரங்கட்டுகிறேன், காலையில் எடுக்கிறேன்” என்று முதலாளியிடம் சொல்ல முடிய வேண்டும். 1,20,000 வாங்கியவன் அதைச் சொல்ல மாட்டான். அடிபட்டால் இ.எஸ்.ஐ.யில் வைத்தியமும், வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் உண்டு. மூன்று வண்டிக்காரரிடம் அவர் மனசுதான் காப்பீடு.

லைசென்ஸை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். “செல்போனில் டிஜிலாக்கர் செயலியில் இருக்கிறதே, ஓட்ட அது போதும்” என்பார். போதும்தான், ஆனால் ஒரிஜினல் அவர் பீரோவில் எதற்கு? வாங்கிய முன்பணத்துக்காக வேறிடம் போக முடியாமல் ஒருவரைக் கட்டிவைப்பதற்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொத்தடிமை முறை என்று பெயர்.

கம்பெனியில் சேருங்கள். அதற்கு முன் அவர்கள் ஷெட் எதிரிலுள்ள டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, டயர் வெடித்தால் யார் காசு என்று டிரைவர்களிடம் கேளுங்கள். இரண்டு வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்று) இன்சூரன்சும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். சீனியரோடு போகும் ஆறு மாதத்தில் படி முழுதாக உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய முதலாளியிடம் நேரில் போய், மாதம் 4,000 தருகிறேன் என்று சொல்லுங்கள். பத்து மாதத்தில் முடியும். ஒவ்வொரு முறையும் அவர் நோட்டில் வரவு எழுதவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி சீர். மருமகள் காதில் ஏறப்போவது ஒரு ஜோடித் தோடு. மீதி வரிசைத்தட்டு, பட்டு, ஊர் வாய். அக்காவிடம் நீங்களே போய், “தோடும் துணியும் என்னுடையது, அதற்கு மேல் இந்த வருடம் முடியாது” என்று சொல்லுங்கள். அம்மா மூலம் சொல்லி அனுப்பினால் வேறு மாதிரிப் போய்ச் சேரும். மாமா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், நடைக்கு 5,000 கட்டப்போவது அவரில்லை. “ஐந்து நிமிடத்தில் கடன்” என்று செல்போனில் வரும் செயலிகள் பக்கம் இதற்காகப் போனால் மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

எஸ்.ஐ.பி. இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. 40,000 கடன் தலையில் இருக்கும்போது உங்களுக்கு அது வேண்டாம். வங்கிக்குப் போய், வருடத்துக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். நாமினி பெயர் எழுத மறக்காதீர்கள்.