மொட்டைமாடியில் சேதனச் செய்கை: செலவுக்கு ஈடாகுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் மாடி வீடொன்றில் வசிக்கிறோம். இரசாயனம் எதுவும் சேர்க்காமல், மொட்டைமாடியில் பத்துப் பைகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் நட்டோம். மண், எரு, நாற்று என்று செலவழித்த பணத்துக்கு ஒரு கிலோ மரக்கறி கூடத் தேறவில்லை. இதைத் தொடர்வதில் பயன் உண்டா?

பதில்: உண்டு; ஆனால் பயிரை மாற்றினால்தான். இரவு வெப்பநிலை 21 பாகை செல்சியஸைத் தாண்டினால் சாதாரணத் தக்காளி இனங்களில் பூ உதிர்ந்து காய் பிடிப்பது குறையும். கொழும்பின் இரவுகளோ சராசரியாக 22 முதல் 25 பாகை வரை இருப்பவை. ஆகவே உங்கள் தக்காளி காய்க்காததற்குச் சேதனப் பசளையைக் குறை சொல்ல முடியாது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டிலேயே இலங்கை அரசு பின்வாங்கியதைக் காட்டி, சேதனச் செய்கையே வீண் என்பவர்கள் இருக்கிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் இருக்க, நன்றாக மக்கிய கூட்டெருவில் ஒன்றிரண்டு சதவீதமே இருப்பதால், வயல் முழுவதற்கும் எருவைத் திரட்டுவது பெரும்பாடு. பத்துப் பைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை; சமையலறைக் கழிவே பெருமளவு போதும். அது முழுமையாக மக்கி மண்வாசம் வந்த பிறகே இடுங்கள். அரைகுறையாக மக்கியது மண்ணிலுள்ள நைதரசனையும் இழுத்துக்கொள்ள, இலைகள் மஞ்சளாகும்.

ஏழு பைகளைக் கீரைக்கு ஒதுக்குங்கள். சந்தையில் வாங்கும் பொன்னாங்காணிக் கட்டில் இலையை ஆய்ந்தபின் நாம் எறிந்துவிடும் தண்டுதான் உங்களுக்கு நாற்று; அதில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றி ஈரம் காத்தால், சில நாட்களிலேயே வேர்விடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில், அடியில் இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். கங்குன் கீரையும் இப்படியே வளரும். கடையில் வாங்கும் கட்டு எந்த அழுக்குக் கால்வாயோரத்தில் விளைந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், மிச்சமாகும் பணத்தைவிட, எங்கே விளைந்தது என்று தெரிந்து உண்பதையே நான் பெரிய இலாபமாகக் கருதுகிறேன்.

மீதிப் பைகளில் மிளகாயும் கத்தரியும் இருக்கட்டும். இலை சுருண்டால் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளை ஈ தெரிந்தால், வேப்பெண்ணெயைச் சிறிது சவர்க்கார நீரில் கலக்கி மாலையில் தெளியுங்கள். கடற்காற்றின் உப்பு இலை நுனியைக் கருக்குமாதலால், கடற்பக்கம் ஒரு வலை கட்டுவது நல்லது. பைகளுக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் நீர் டெங்கு நுளம்புக்குப் போதும்.