புதிய அஞ்சல் சட்டத்தால் எல்லையோரத்தில் என்ன மாறியது?

தமிழக-கேரள எல்லையில் வேலந்தாவளம், வாளையாறு பக்கத்துத் தமிழர்கள் கேட்பது இரண்டு: தபாலை அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்களா, தொலைந்தால் பணம் வருமா?

1898 சட்டத்துக்குப் பதிலான அஞ்சலகச் சட்டம் 2023, 2024 ஜூன் 18 முதல் அமலில் உள்ளது. 9-ஆம் பிரிவின்படி நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவசரநிலை போன்ற காரணங்களுக்காக, மத்திய அரசு அதிகாரமளித்த அலுவலர் தபாலைப் பிரிக்கலாம். பழைய சட்டத்தில் மாநில அரசுக்கும் இருந்த அதிகாரம் இப்போது இல்லை. ‘அவசரநிலை’ எது என்பதற்கு வரையறையே கிடையாது. பெரிய ஓட்டை இதுதான்.

கடிதங்களைக் கொண்டுசேர்க்க அஞ்சல் துறைக்கு மட்டுமே இருந்த உரிமை நீங்கிவிட்டது. கூரியர்காரர்கள் ஏற்கெனவே ‘ஆவணம்’ என்ற பெயரில் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இழப்பீடு? விதிகள் ஒப்புக்கொண்ட அளவுக்கு மட்டுமே (10-ஆம் பிரிவு). நகை, அசல் பத்திரம் என்றால் காப்பீடு செய்தே அனுப்புங்கள்.

பல தபால்கள் சுற்றுவது பின்கோடு தவறால்: பாலக்காட்டுப் பக்கம் 678, கோவை 641.