தீயைக் கடல் என்று நினைத்தவர்கள்

கே: போன இதழில் தலைப்பையும் பெயர்களையும் மறைத்துவிட்டு ‘இது என்ன படம்?’ என்று ஒரு பழைய போஸ்டர் போட்டீர்களே, அது ‘தி போசைடன் அட்வென்ச்சர்’ தானே? கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் வரிசையாக முகங்கள் இருந்ததை வைத்துச் சொல்கிறேன்.
– வாசகர், தண்டையார்பேட்டை

ப: இல்லை. ஆனால் தப்பு உங்கள் மேல் இல்லை, எங்கள் அச்சு மேல். கறுப்பு வெள்ளையில் போட்டதில் தீக்கொழுந்து அலை மாதிரி விழுந்துவிட்டது. காசிமேட்டுப் பக்கமிருந்து வந்த கார்டுகள் எல்லாமே கப்பல் படம் என்றுதான் சொல்லின. அது 1974-ல் வந்த ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’. இருந்தாலும் முகங்களை வைத்து நீங்கள் போன வழி சரியான வழிதான், 1972-ல் கப்பலைக் கவிழ்த்த அதே தயாரிப்பாளர் இர்வின் ஆலன்தான் இதில் கட்டடத்துக்குத் தீ வைத்தவர். மேலே ஆபத்து, கீழே பாஸ்போர்ட் சைஸில் முகங்கள். யார் பிழைப்பார், யார் போவார் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பந்தயம் கட்டிக்கொள்ளலாம்.

கே: கலர் போஸ்டர் பார்த்திருக்கிறேன். பால் நியூமன் பெயர் மேலே, ஸ்டீவ் மெக்குவீன் பெயர் கீழே. அப்போ நியூமன்தானே பெரிய ஹீரோ? நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.
– வாசகர், பெரம்பூர்

ப: நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். மெக்குவீன் பெயர் கீழேதான், ஆனால் இடது பக்கம். நியூமன் பெயர் மேலேதான், ஆனால் வலது பக்கம். இடமிருந்து படித்தால் இவர் முதல், மேலிருந்து படித்தால் அவர் முதல், ஆக இரண்டு பேருடைய ரசிகர்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மெக்குவீன் இதில் ஏன் இவ்வளவு கறாராக இருந்தார் என்றால், 1956-ல் நியூமன் ஹீரோவாக நடித்த ஒரு குத்துச்சண்டைப் படத்தில் அவர் துண்டு வேடத்தில் வந்து போனவர், டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. பதினெட்டு வருஷக் கணக்கு அது! நம் பக்கம் இந்த ஏற்பாடு தாங்காது. போஸ்டர் ஒட்டுகிற பையன் மைதா பசை தடவுகிற அவசரத்தில் ஒரு ஷீட்டை ஒரு சாண் இறக்கி ஒட்டிவிட்டால் போதும், மின்ட்டில் பஸ் நகராது.

கே: ஒரே படத்துக்கு இரண்டு கம்பெனி பெயர் ஏன்?
– வாசகி, ராயபுரம்

ப: வார்னர் ஒரு நாவல் வாங்கியது, ஃபாக்ஸ் இன்னொரு நாவல் வாங்கியது. இரண்டிலும் எரிவது உயரமான கட்டடம். போட்டி போட்டு இரண்டு பேரும் நஷ்டப்படுவானேன் என்று கதைகளைச் சேர்த்து ஒரே படமாக எடுத்துவிட்டார்கள்.

கே: தீ எப்படிப் பிடிக்கிறது, எப்படி அணைக்கிறார்கள்? கதையைச் சொன்னாலும் பரவாயில்லை.
– வாசகர், வியாசர்பாடி

ப: சான் ஃபிரான்சிஸ்கோவில் 138 மாடி. கட்டடம் கட்டியவரின் மருமகன் ஒயரிங்கில் காசு மிச்சம் பிடிக்கிறார், 81-வது மாடியில் பற்றிக்கொள்கிறது, மேலே திறப்பு விழா விருந்து நடந்துகொண்டிருக்கிறது. (மாமனார், மருமகன், மட்டமான ஒயர் என்று பார்த்தால் நம்ம ஊர்க் கதைதான்.) கடைசியில் மொட்டை மாடித் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி அணைக்கிறார்கள். நான் படம் பார்த்த அன்று அந்தக் காட்சியில் பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார்: “யோவ், அங்க மட்டும் தொட்டில எப்பவும் தண்ணி இருக்குமா?”