தூக்கத்திலும் காவல் நிற்கிறார்

கேள்வி: என் கணவர் 17 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். காஷ்மீரில் கண்ணிவெடியில் நண்பரைப் பறிகொடுத்தார். இரவில் இந்தியில் கத்திக்கொண்டு எழுகிறார். தினமும் கேன்டீன் ரம் குடித்தால்தான் படுக்கிறார். சென்ற மாதம் மகன் பலூனை உடைத்ததும், அவனைத் தரையில் அழுத்தி மேலே கவிழ்ந்துகொண்டார். காத்து கருப்பு என்று மாமியார் தாயத்து கட்டியிருக்கிறார். மருத்துவரிடம் கூப்பிட்டால், “நான் என்ன பைத்தியமா?” என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: பலூன் உடைந்த அந்தச் சம்பவத்தை இரண்டு முறை படித்தேன், சகோதரி. அவர் மகனைத் தாக்க வந்ததாக நினைத்துவிடாதீர்கள். வெடிச்சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவனைத் தன் உடம்பால் மறைக்க வேண்டும் என்றுதான் அவர் பழகியிருக்கிறார். ஊருக்கு வந்துவிட்டோம் என்பது அந்த உடம்புக்கு இன்னும் தெரியவில்லை.

நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும் என்றாலும், நீங்கள் எழுதியிருப்பவை பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளாகவே தெரிகின்றன. முதல் உலகப் போரில் இதற்கு ‘ஷெல் ஷாக்’ என்று பெயர். அப்படி நடுங்கியவர்களில் சிலரைக் கோழைகள் என்று தண்டித்த கொடுமையும் நடந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களின் அவதியைப் பார்த்த பிறகு, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும்; அதற்காக மாமியாரோடு சண்டை வேண்டாம். சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ரம் பாட்டிலை ஒளித்துவைக்காதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது இன்னும் ஆபத்து. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

இரவில் அவர் கத்தும்போது தோளைத் தொட்டு உலுக்காதீர்கள். விளக்கைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். “வீட்டில்தான் இருக்கிறீர்கள்” என்று சொல்லுங்கள்.

மனநோய் என்ற பேச்சையே எடுக்காமல், “தூக்கம் கெடுகிறதே, அதற்காக ஒருமுறை போவோம்” என்று அழையுங்கள். என்னிடம் வந்த முன்னாள் வீரர்கள் பலர் அப்படித்தான் வந்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால், அதன் பாலிகிளினிக்கிலிருந்தே மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அந்த நினைவுகளைப் பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் கடக்கவைக்கும் உளச்சிகிச்சை நல்ல பலன் தருகிறது. செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் உதவும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பாதியில் விட்டுவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் இன்றே கேளுங்கள்: “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தால் அப்புறப்படுத்திவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மகனிடமும் பேசுங்கள். அப்பா அவனைக் காப்பாற்றத்தான் பாய்ந்தார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.