தெர்மோஸ்டாட்டில் 23.5 டிகிரி, ஹாலில் குளிர்: எங்கே பிசகு?

கேள்வி: டொராண்டோ, ஸ்கார்பரோவில் மாடி வீடு, சூடாக்க கேஸ் ஃபர்னஸ். நவம்பரில் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டினோம். அது 23.5 டிகிரி காட்டுகிறது. மேசைமேல் உள்ள வெப்பமானியில் 20.5தான். சூடு வந்துவிட்டதென்று ஃபர்னஸ் சீக்கிரமே நின்றுவிடுகிறது. செட்டிங்கில் வெப்பநிலையைத் திருத்த வழி இருக்கிறதாம். 3 டிகிரி குறைத்து வைத்தால் போதுமா?

பதில்: அந்தத் திருத்தத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். எந்நேரமும் ஒரே அளவு பிசகும் கருவிக்குத்தான் அது மருந்து. காலையில் 1 டிகிரி, ஃபர்னஸ் ஓடும்போது 3 டிகிரி என்று பிசகு மாறினால், 3 குறைத்து வைத்த பிறகு காலையில் வீடு 2 டிகிரி கூடுதலாகச் சூடேறும். கேஸ் பில்லும் ஏறும்.

முதலில், பார்ப்பது எந்த எண் என்று உறுதி செய்யுங்கள். உங்களுடையது நெஸ்ட் கம்பெனியின் லேர்னிங் வகை தெர்மோஸ்டாட் என்றால், நடுவில் பெரிதாகத் தெரிவது நீங்கள் கேட்ட வெப்பநிலை. அறையின் வெப்பநிலை ஓரத்தில் சின்னதாக இருக்கும். இகோபீ என்ற கம்பெனியின் தெர்மோஸ்டாட்டில், மற்ற அறைகளிலும் தனி சென்சார்கள் வைத்திருந்தால், கணக்கில் சேர்த்த எல்லா சென்சார்களின் சராசரியைத்தான் திரை காட்டும். மாடி அறை 25, ஹால் 21 என்றால் திரையில் 23 வரும். அது கோளாறே அல்ல. ஹால் மட்டும் போதுமென்றால் மற்றதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

அதில் குறையில்லை என்றால் அளந்து பாருங்கள். மேசையும் சுவரும் ஒரே காற்றில் இல்லை. வெப்பமானியை தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, அதே உயரத்தில் சுவரில் டேப்பால் ஒட்டுங்கள். சுவரின் சூடு ஏறாதிருக்க நடுவில் டிஷ்யூவை நாலாக மடித்து வையுங்கள். 20 நிமிடம் யாரும் கிட்டே நிற்கக் கூடாது; மூச்சுக் காற்றே அளவை ஏற்றிவிடும். விடிகாலை, மத்தியானம், ஃபர்னஸ் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து, நள்ளிரவு என நாலு தடவை இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். அரை டிகிரி வித்தியாசத்தைத் துரத்த வேண்டாம், அது சகஜம்.

மத்தியானம் மட்டும் ஏறினால் வெயிலோ பக்கத்து விளக்கோ டிவியோ காரணம். ஃபர்னஸ் ஓடும்போது மட்டும் ஏறினால், சூடான காற்றுக் குழாய் அதே சுவருக்குள் போகிறதா, காற்று வரும் கிரில் அதைப் பார்த்து ஊதுகிறதா என்று கவனியுங்கள். இவற்றுக்குக் கருவியை இடம் மாற்றுவதுதான் தீர்வு: உள்சுவரில், தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில்.

ஆனால் பலர் பார்க்கத் தவறும் இடம் கருவியின் முதுகுப்புறம். கம்பி வரும் ஓட்டை சுவரின் உள்கூட்டில் திறக்கிறது. அந்தக் கூடு பேஸ்மென்ட் வரை இறங்கலாம். ஃபர்னஸ் அறையின் சூடான காற்று அதன் வழியே ஏறி நேரே சென்சார்மேல் படும். பரணின் குளிர்காற்று இறங்கினால் எண் குறைவாகக் காட்டும், ஃபர்னஸ் நிற்காமல் ஓடும்.

சோதிப்பது எளிது. ஃபர்னஸின் ஸ்விட்சையும் பிரேக்கரையும் அணைத்துவிட்டு, கருவியின் முகத்தை மட்டும் கழற்றுங்கள். ஊதுபத்தியை ஏற்றி ஓட்டைக்கு இரண்டு அங்குலம் முன்னால் அசையாமல் பிடியுங்கள். புகை நேராக ஏறினால் பரவாயில்லை. உங்கள் பக்கம் வளைந்தாலும் ஓட்டைக்குள் இழுபட்டாலும் காற்று ஓடுகிறது என்று அர்த்தம். ஃபர்னஸ் நின்றிருக்கும்போது ஓட்டம் மெலிதாக இருக்கலாம், ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அடைக்க, ஹார்டுவேர் கடையின் எலக்ட்ரிகல் பகுதியில் கிடைக்கும், இறுகாத டக்ட் சீல் புட்டி வாங்குங்கள். நெல்லிக்காய் அளவு போதும். கம்பிகளைக் கழற்றாமலே சுற்றி அழுத்தி அடைக்கலாம். ஸ்ப்ரே ஃபோம் வேண்டாம். அது உப்பி அடித்தட்டையே தள்ளும், பிறகு கம்பியை மாற்றவும் முடியாது. கருவியின் ஓரங்களில் உள்ள சிறு இடுக்குகளை மட்டும் மூடிவிடாதீர்கள், அறைக் காற்று உள்ளே போகும் வழி அதுதான். மின்சாரத்தை அணைக்காமல், மின்சாரம் வரும் ஆர் (R) கம்பி அது திரும்பிப் போகும் சி (C) கம்பியில் பட்டால் ஃபர்னஸ் போர்டின் ஃபியூஸ் போய்விடும். பெரும்பாலும் 3 அல்லது 5 ஆம்பியர்.

ஃபர்னஸ் இல்லாமல் எலக்ட்ரிக் பேஸ்போர்டு ஹீட்டர் (சுவரடியில் நீளமாக இருப்பது) உள்ள வீட்டில் இருப்பவர்கள் இதை முயலவே கூடாது. அங்கே சுவருக்குள் 240 வோல்ட் வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மீண்டும் மாட்டியதும் எண்ணை நம்பிவிடாதீர்கள். திரையும் வைஃபையும் உள்ளே சூடு உண்டாக்கும். அந்தச் சூட்டைக் கழித்துக் காட்டும் கணக்கு நிலைப்பட நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் விட்டு, நாலு வேளை அளவை மறுபடி எடுங்கள்.

நாலு தடவையும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம் வந்தால் மட்டும் திருத்தத்துக்குப் போகலாம். இகோபீயில் செட்டிங்ஸ், இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ், த்ரெஷோல்ட்ஸ், டெம்பரேச்சர் கரெக்‌ஷன் என்ற வரிசையில் இருக்கும். 1.5 கூடுதலாகக் காட்டினால் மைனஸ் 1.5 வையுங்கள். அடைத்த பிறகும் வித்தியாசம் 3 டிகிரியிலேயே நின்றால் சென்சார் பழுதாக இருக்கலாம். நவம்பரில்தான் வாங்கியது என்பதால், குறித்து வைத்த அளவுகளைக் காட்டி வாரன்டியில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.