வீட்டு மின்விசிறியின் சுழல்வேகத்தைச் சென்சார் வைத்து அளப்பது எப்படி?

அகச்சிவப்புச் சென்சார் போதுமா, இறக்கையில் காந்தம் ஒட்டி, அது கடப்பதை உணரும் ஹால் சென்சார் வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அகச்சிவப்பே போதும். ஆனால் தொடங்குமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போடாமல் நான் ஒரு வாரம் அலைந்தேன்.

குன்னூரில் வெயிலுக்காக விசிறி வாங்குபவர்கள் குறைவு. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசை விசிறி. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காய அதுதான் கதி. அது மெதுவாக ஓடுகிறது என்று அம்மா சொல்ல, இல்லை என்று நான் சொல்ல, தீர்ப்புக்கு அர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகையை எடுத்தேன். இறக்கை கடக்கும்போதெல்லாம் ஒளி பட்டுத் திரும்பும், சென்சார் ஒரு துடிப்பு தரும். மூன்று இறக்கை என்பதால் மூன்று துடிப்புக்கு ஒரு சுற்று.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்று என்று காட்டியது. பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். "அப்படியானால் துணி ஏன் காயவில்லை?" என்றார். வேகத்தைக் குறைத்தேன், அப்போதும் கிட்டத்தட்ட அதே எண். நிரலைக் கிளறினேன், கம்பிகளை மாற்றினேன். பக்கத்து வீட்டு அண்ணன் தேயிலை ஆலையில் மின்பணியாளர்; பச்சை இலையை வாட்டும் தொட்டிகளின் பெரிய விசிறிகளோடு காலம் தள்ளுபவர். வந்து பார்த்தவர், "முதலில் விசிறியை நிறுத்து, தம்பி" என்றார். நிறுத்தினேன். நின்றுபோன விசிறி திரையில் சரியாக 2000 சுற்று சுற்றிக்கொண்டிருந்தது.

குற்றவாளி மேலே தொங்கிய குண்டு பல்பு. மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டதால் விளக்குப் போட்டிருந்தோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு இருமுறையாக, பல்பின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண் அதைக் கவனிக்காது, அகச்சிவப்பு ஏற்பி கவனிக்கும். 100ஐ 60ஆல் பெருக்கி 3ஆல் வகுத்துப் பாருங்கள்.

நான் போடத் தவறிய கணக்கு இதுதான். மேசை விசிறியில் பெரும்பாலும் நான்கு காந்தத் துருவங்கள் கொண்ட தூண்டல் மோட்டார் இருக்கும். 120ஐ மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸால் பெருக்கி, துருவ எண்ணிக்கையான 4ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 1500 சுற்று. மோட்டார் அந்த எண்ணை எட்டாது, சற்றுப் பின்தங்கியே ஓடும். ஆகவே 2000 என்று கண்டவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சீலிங் ஃபேனில் துருவங்கள் அதிகம். 14 என்றால் உச்சம் 428. பி.எல்.டி.சி. (மின்னணுச் சுற்றால் வேகம் கட்டுப்படும் மோட்டார்) விசிறிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஏற்பியைக் கறுப்புக் காகிதக் குழாய்க்குள் செருகி, சென்சார் பலகையிலுள்ள திருகைத் திருப்பி உணர்திறனைக் குறைத்தேன். 1290 வந்தது. ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன். அதில் ஒரு துடிப்பு பிசகினாலும் விடை 20 சுற்று தாவும். மூன்று துடிப்புகளுக்கு ஆகும் நேரத்தை மைக்ரோ நொடியில் அளப்பது நல்லது. இறக்கைகளின் இடைவெளி சமமாக இல்லாவிட்டாலும் ஒரு முழுச் சுற்றில் அது கழிந்துவிடும்.

ஹால் சென்சாரை விளக்கொளி ஏமாற்றாது, உண்மைதான். ஆனால் 2 கிராம் காந்தத்தை மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினால், 1300 சுற்றில் அது அரைக் கிலோவுக்கு மேல் எடை தொங்குவதுபோல வெளியே இழுக்கும். பசை விட்டால் முகத்துக்குத்தான் வரும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் இறக்கைகள் சேரும் நடுக் குமிழுக்கு அருகில் ஒட்டுங்கள், எதிர்ப்பக்கம் அதே எடையை வையுங்கள்.

சமவெளியில் இருக்கும் நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்குச் சுமை குறைவதால், அதே மின்னழுத்தத்தில் விசிறி இங்கே கொஞ்சம் வேகமாகவே ஓடும்.

எங்கள் வழக்கில் அம்மாதான் வென்றார். தூசி தட்டி, தண்டு சுழலும் புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் 1290 என்பது 1340 ஆனது.